சிவப்புக் கலவாவுக்குப் பெயர் தந்த பிரெஞ்சுக்காரர்

கலவா மீனைத் தெரியாத கடற்கரை ஊர் தமிழ்நாட்டில் இல்லை. தடித்த உதடு, அகன்ற வாய், திரண்ட உடல். கூட்டம் கூட்டமாக அலையும் ஜாதி அல்ல அது. மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் கடலடிப் பாறைகளில் ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு, இரை வரும் வழியைப் பார்த்துக் காத்திருக்கும். சின்ன மீனோ, இறாலோ, நண்டோ பக்கத்தில் வந்தால் ஒரே விழுங்கு!

கலவாவில் பல இனங்கள் உண்டு. பெரியவை பலவும் மண் நிறம், சாம்பல் நிறம். ஆனால் பவழப் பாறைகளை அண்டி வாழும் ஒரு சிறு குடும்பம் இருக்கிறது. அதை வர்ண ஜாலம் என்றே சொல்ல வேண்டும். கறுத்த உடலெங்கும் நீலப் புள்ளி வாரி இறைத்த மீன் ஒன்று. செக்கச் சிவந்த உடலில் நீலப் புள்ளி வைத்த மீன் மற்றொன்று. நீலக் கோடு இழுத்த மீன் வேறொன்று. இப்படி இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள். எல்லாவற்றுக்கும் வட்டமான வால். முதுகுத் துடுப்பில் ஒன்பது முட்கள். விஞ்ஞானிகள் இந்தக் குடும்பத்துக்கு 1801-ல் இட்ட பெயர் செபலோபோலிஸ். தலையில் செதில் உள்ளது என்று அதற்குப் பொருள்.

இந்தக் குடும்பத்தில் ஒரு விசித்திரமும் உண்டு. பெண்ணாகப் பருவமடைந்து, பிறகு ஆணாக மாறும் மீன்கள் இவற்றில் இருக்கின்றன!

பழுத்த தக்காளி போல் சிவந்த ஒரு மீனும் இந்தக் குடும்பத்தில் இருக்கிறது. ஆங்கிலேயர் இதைத் தக்காளிக் கலவா என்றே அழைக்கிறார்கள். முழு வளர்ச்சி அடைந்தால் 57 சென்டிமீட்டர் நீளம் வரை வரும். குஞ்சாக இருக்கும்போது ஏறக்குறையக் கறுப்பு; வாலின் ஓரம் மட்டும் வெள்ளை. வளர வளரச் சிவப்பு ஏறும். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை இது வாழ்கிறது. ஆனாலும் விஞ்ஞான நூல்களில் இதற்குப் பிறந்த ஊர் ஒன்றே ஒன்றுதான். அந்த ஊர் புதுச்சேரி!

1828-ல் பாரிஸில், பேரறிஞர் கூவியேயும் அவருடைய துணைவர் வலான்சியேனும் உலகத்து மீன்களையெல்லாம் விவரிக்கும் பெரு நூல் ஒன்றை வெளியிடத் தொடங்கினார்கள். அதில்தான் இந்த மீனை வலான்சியேன் முதன் முதலாக விவரித்தார். அவர் எதிரே இருந்த மீன், புதுச்சேரியிலிருந்து போன மீன். அதற்கு அவர் சூட்டியது சொன்னரா என்பவரின் பெயர்.

யார் இந்த சொன்னரா? புதுச்சேரி மண்ணில் இருபது ஆண்டு கைதியாகக் கிடந்தவர். உலகம் ஒரு விஷயத்தில் நம்பி ஏமாந்து, இன்னொரு விஷயத்தில் நம்பிப் பயனடைந்த மனிதர்.

மிளகுத் துரையின் உறவினர்

பியேர் சொன்னரா 1748-ல் பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் பிறந்தார். அவருடைய உறவினர் ஒருவர் பெரிய உத்தியோகத்தில் இருந்தார். அவர் பெயர் புவாவ்ர். அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியில் மிளகு என்று அர்த்தம்! பெயருக்கு ஏற்ற மனிதர்தான். அந்தக் காலத்தில் கிராம்பும் ஜாதிக்காயும் டச்சுக்காரர்களின் ஏகபோகம். அவர்களுடைய கீழைத் தீவுகளிலிருந்து அந்தச் செடிகளை எப்படியாவது கொண்டுவந்து பிரெஞ்சு மண்ணில் நட்டுவிட வேண்டும் என்பது புவாவ்ரின் வாழ்நாள் வெறி.

புவாவ்ர் அப்போது மொரீஷியஸ் தீவின் நிர்வாகி. அது அன்று பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1768-ல், இருபது வயதில், சொன்னரா அங்கே போய்ச் சேர்ந்தார். புவாவ்ரின் காரியதரிசி வேலை கிடைத்தது. வேலையைவிடப் பெரிய பாக்கியம் வேறொன்றும் கிடைத்தது. அதே ஆண்டில் அந்தத் தீவில் இறங்கினார் கொம்மர்சோன். உலகத்தைச் சுற்றி வந்த கப்பலில் வந்த இயற்கை விஞ்ஞானி. செடி, பறவை, மீன் எதையும் விடாமல் சேகரிப்பவர்.

சொன்னராவுக்குச் சித்திரக் கை உண்டு. கொம்மர்சோன் அவருக்குக் கண்ணைத் திறந்துவிட்டார். ஒரு மீனைப் பார்த்தால் துடுப்பு எத்தனை, முள் எத்தனை, நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கக் கற்றுக் கொடுத்தார். மீன் செத்த சிறிது நேரத்தில் நிறம் மங்கிவிடும். சாராயத்தில் போட்டால் முற்றிலும் வெளுத்துவிடும். நிறப்படம் எடுக்கும் கருவி இல்லாத காலம் அது. ஆகவே உடனுக்குடன் வரையும் கை ஒன்று விஞ்ஞானிக்கு உயிர்நாடி. கொம்மர்சோன் 1773-ல் காலமானார். அவர் சேர்த்த சித்திரங்கள் பாரிஸுக்குப் போய், பின்னால் வந்த மீன் நூல்களுக்கு ஆதாரமாயின.

போகாத தீவு

1771-ல் புவாவ்ர் அனுப்பிய கப்பல்களில் சொன்னராவும் புறப்பட்டார். வழியில் செஷல்ஸ் கூட்டத்தைச் சேர்ந்த பிராலின் தீவில் இறங்கினார். இரட்டைத் தேங்காய் என்று பெயர் பெற்ற மரத்தை அங்கே பார்த்தார். நம் நாட்டுத் துறவிகளின் கையில் திருவோடாக இருப்பது இந்தக் காயின் ஓடுதான். அலையில் மிதந்து கரை ஒதுங்கிய காய்களை மட்டுமே உலகம் அதுவரை அதிகமாக அறிந்திருந்தது. கடலுக்கு அடியில் காய்க்கும் மரம் என்றுகூட ஜனங்கள் நம்பினார்கள். மரத்தை நேரில் பார்த்து விவரமாக எழுதியவர்களில் முதல்வர் சொன்னரா.

பிறகு பிலிப்பைன்ஸுக்கும் மொலுக்கஸ் தீவுகளின் பக்கத்துக்கும் போனார். கிராம்பு, ஜாதிக்காய்க் கன்றுகளோடு கப்பல்கள் 1772-ல் மொரீஷியஸ் திரும்பின. புவாவ்ரின் கனவு பலித்தது.

ஆனால் சொன்னராவின் கனவு வேறு. அவர் பெரிய பிரயாணி என்று பெயர் எடுக்க ஆசைப்பட்டார். 1776-ல் பாரிஸில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் பெயர் நியூகினிப் பிரயாணம். பறவைகளும் செடிகளும் அழகான சித்திரங்களாக அதில் இருந்தன. புத்தகத்துக்கு நல்ல வரவேற்பு.

உண்மை என்ன? நியூகினித் தீவில் அவர் காலடியே வைக்கவில்லை. அதற்குப் பக்கத்துத் தீவுகளோடு கப்பல் திரும்பிவிட்டது!

பொய் எப்படி வெளிப்பட்டது? அந்தப் புத்தகத்தில் நியூகினிப் பறவைகள் என்று பெங்குவின்களை அவர் சேர்த்திருந்தார். பெங்குவின் தென் கோடிக் குளிர்க் கடலின் பறவை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், புழுங்கும் காட்டுத் தீவில் அதற்கு என்ன வேலை? சிரிப்புப் பறவை என்று பெயர் பெற்ற பெரிய மீன்கொத்தி ஒன்றும் அதில் இருந்தது. அது ஆஸ்திரேலியாவின் பறவை. குக் மாலுமியோடு ஆஸ்திரேலியக் கரைக்குப் போய் வந்தவர்கள் யாரிடமிருந்தோ பதப்படுத்திய உடல் சொன்னராவுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

1774-ல் அவர் எழுதிய இன்னொரு செய்தியும் உண்டு. பிலிப்பைன்ஸில் ஒரு வெந்நீர் ஊற்றில் மீன்கள் நீந்துகின்றன, நீரின் சூடு 69 டிகிரி என்றார். அது அக்காலப் பிரெஞ்சு வெப்பமானிக் கணக்கு. இன்றைய கணக்கில் சுமார் 86 டிகிரி சென்டிகிரேடு. அந்தச் சூட்டில் மீன் நீந்தாது, குழம்பாகிவிடும்!

அழியாத தழும்பு

இதில் என்ன பெரிய குற்றம் என்று தோன்றலாம். பறவை மெய்யான பறவைதானே, ஊர் மட்டும்தானே தவறு?

இயற்கை நூலில் ஊர் தவறினால் பாதி உண்மை போய்விடும். ஒரு மீனையோ பறவையையோ முதன் முதலாக விவரிக்கும் விஞ்ஞானி, அது பிடிபட்ட இடத்தையும் எழுதி வைப்பார். நாளை இன்னொருவர் அதே உயிரைத் தேடிப் போக வேண்டுமானால் அந்த முகவரிதான் வழிகாட்டி. இந்த இனம் வேறு, அந்த இனம் வேறு என்று வழக்கு வந்தால் அந்த முகவரிதான் சாட்சி.

ஐரோப்பிய அறிஞர்கள் சொன்னராவின் வார்த்தையை நம்பினார்கள். அவர் காட்டிய பெங்குவின் ஒன்றுக்கு 'பாப்புவா' என்று பெயர் வைத்தார்கள். பாப்புவா என்றால் நியூகினி. சிரிப்புப் பறவைக்கும் நியூகினியின் பெயரையே வைத்தார்கள். விஞ்ஞான உலகில் ஒரு விதி உண்டு. முதலில் இட்ட பெயரே நிலைக்கும். அர்த்தம் பொருந்தவில்லை என்பதற்காக மாற்ற முடியாது. ஆகவே நியூகினியையே பார்த்திராத அந்தப் பெங்குவின் இன்றும் பாப்புவாதான். ஒரு வாலிபனின் பெருமை ஆசை, இருநூற்று ஐம்பது ஆண்டு கழித்தும் இரண்டு பறவைகளின் பெயரில் தழும்பாக நிற்கிறது.

வாழ்ந்த ஊர்

1774-ல் சொன்னரா மறுபடியும் கப்பல் ஏறினார். இலங்கை, மலையாளக் கரை, சூரத், சீனா, மடகாஸ்கர் என்று சுற்றினார். இடையில் புதுச்சேரியிலும் சோழமண்டலக் கரையிலும் தங்கினார். இந்தத் தடவை அவர் ஊர்களைக் கடந்து போகவில்லை, ஊர்களில் வாழ்ந்தார். வீதியில் நடந்தார். தறி நெய்பவரையும் பானை வனைபவரையும் தட்டாரையும் உட்கார்ந்து பார்த்து வரைந்தார். கோயில் மூர்த்திகளையும் திருவிழாக்களையும் எழுதினார். பொங்கல் பண்டிகையையும் மாட்டுப் பொங்கலையும் பிரெஞ்சு வாசகர்களுக்கு விவரித்தார்.

1778-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகை இட்டார்கள். சொன்னரா அப்போது கோட்டைக்குள் இருந்தார். அக்டோபரில் ஊர் விழுந்தது. 1781-ல் அவர் பிரான்சு திரும்பினார்.

மறு ஆண்டு, 1782-ல், கீழை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சென்ற பிரயாண நூல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. 140 சித்திரத் தகடுகள்! அந்தக் காலத்துத் தமிழ்நாட்டின் உடையும் தொழிலும் எப்படி இருந்தன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இன்றும் அந்த நூலைப் புரட்டுகிறார்கள்.

விளச்சிப்பழம் என்று தமிழில் சொல்லும் லிச்சிக்கு விஞ்ஞான முறைப்படி பெயர் கொடுத்தது அந்த நூலே. மடகாஸ்கரின் அபூர்வப் பிராணிகள் இரண்டு உலகுக்கு அறிமுகமானதும் அதில்தான்.

தமிழ்நாட்டு மலைக்காடுகளில் கூவும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியையும் அவர் விவரித்தார். வீட்டுக்கோழிக்கு மூதாதை இதுதான் என்றார். பின்னால் வந்த அறிஞர்கள் மறுத்தார்கள். மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றார்கள். அது பெரும்பாலும் சரியே. ஆனால் 2008-ல் மரபணு ஆராய்ச்சி ஒன்று ஒரு புதுச் செய்தியைக் கொண்டுவந்தது. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்திருக்கிறது என்று அது கண்டது. சொன்னரா சொன்னதில் ஒரு கால் பங்காவது மெய் இருந்தது! அந்தக் காட்டுக்கோழியும் இன்று அவர் பெயரையே தாங்குகிறது.

பொய்யைப் பிடித்தவர்

அதே நூலில் சொன்னரா செய்த ஒரு காரியம் வேடிக்கையானது.

எசூர்வேதம் என்று ஒரு நூல் அப்போது ஐரோப்பாவில் புகழ் பெற்றிருந்தது. இந்தியாவின் பழைய வேத நூல் என்று சொல்லி யாரோ கொடுத்த பிரெஞ்சுப் பிரதியை, மாபெரும் எழுத்தாளர் வால்தேர் மெய்யென்று நம்பி அரசரின் நூல்நிலையத்துக்கு வழங்கினார். தம் நூல்களிலும் அதை மேற்கோளாகக் காட்டினார்.

சொன்னரா மறுத்தார். அது நான்கு வேதங்களில் ஒன்றல்ல, மசூலிப்பட்டணத்தில் ஒரு பாதிரியார் சமய வாதத்துக்காக எழுதியது என்று பகிரங்கமாக எழுதினார். ஊரும் ஆசிரியரும் பற்றி அறிஞர்களுக்குள் பிறகு வெவ்வேறு கருத்து எழுந்தது. ஆனால் அது வேதம் அல்ல, கிறிஸ்தவப் பாதிரிமார் வட்டாரத்தில் பிறந்த நூல் என்ற மூலச் செய்தி நிலைத்துவிட்டது.

போகாத ஊருக்குப் போனதாகச் சொன்னவரே, வேதம் அல்லாததை வேதம் என்று நம்பியவர்களைத் திருத்தினார்! இதற்குக் காரணம் எளியது. நியூகினியை அவர் பார்க்கவில்லை. இந்தியாவில் அவர் இருந்தார், பார்த்தார், கேட்டார்.

பழைய பழக்கம் அடியோடு போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. மொரீஷியஸில் இருந்த கோசிஞி என்ற அறிஞர் 1784-ல் ஒரு கண்டனக் கடிதத்தையே அச்சிட்டார். சொன்னராவின் நூலில் உள்ள பிழைகளை அதில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

இருபது ஆண்டுச் சிறை

1786-ல் சொன்னரா மூன்றாம் முறையாகக் கீழ்த்திசைக்கு வந்தார். ஆந்திரக் கரையில் உள்ள ஏனாம் என்ற சிறு பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கு அதிகாரி ஆனார்.

அப்போது பிரான்சில் புரட்சி வெடித்தது. அரசர் தலை வீழ்ந்தது. 1793-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் யுத்தம். ஆங்கிலேயர் இந்தியாவில் இருந்த பிரெஞ்சு ஊர்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். ஆகஸ்டு மாதம் புதுச்சேரியும் விழுந்தது. சொன்னரா கைதியானார். புதுச்சேரியிலேயே அவரை வைத்தார்கள்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. விடுதலை கிடைத்தது 1813-ல். உலகம் சுற்றிய மனிதர் இருபது ஆண்டுகள் ஒரே கடற்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே உலகம் தலைகீழாக மாறிக்கொண்டிருந்தது. நெப்போலியன் எழுந்தார். பாரிஸில் இயற்கை விஞ்ஞானம் புது வேகம் கொண்டது. சொன்னராவை நினைவு வைத்திருந்தவர்கள் குறைந்தார்கள். அவர் என்ன செய்தார்? தம் இரண்டாம் பெரிய நூலுக்கான கையெழுத்துப் பிரதியைச் சேர்த்தார். 1786 முதல் கண்டதையும் கேட்டதையும் கொண்ட பிரயாண நூல் அது. இந்தத் தடவை புனைந்து சொல்ல அவருக்குத் தொலைதூரத் தீவு எதுவும் இல்லை. எதிரே இருந்தது அவர் நன்றாக அறிந்த நாடு.

விடுதலையானதும் பிரான்சு போய்ச் சேர்ந்தார். 1814-ல் பாரிஸில் காலமானார். வயது அறுபத்தைந்து. பிரதி அச்சேறவில்லை. புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1816-ல். அதைப் பார்க்க அவர் இல்லை.

மீன் சொல்லும் சாட்சி

அவர் மறைந்து பதினான்கு ஆண்டு கழித்துத்தான் சிவப்புக் கலவா அவர் பெயரை ஏற்றது. லின்னேயஸின் மகன் அதற்கு முன்பே கடலோரச் சதுப்புக்காட்டு மரவகை ஒன்றுக்கு அவர் பெயரைக் கொடுத்திருந்தார். அந்த வகை மரம் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரத்திலும் உண்டு. ஆக, அவர் பெயர் தமிழ்நாட்டில் காட்டில் கூவுகிறது, சேற்றில் வேர் விடுகிறது, கடலில் நீந்துகிறது.

எல்லாவற்றிலும் அந்த மீனுக்கே தனிச் சிறப்பு. பாப்புவாப் பெங்குவினின் பெயரில் உள்ள ஊர் பொய். சிவப்புக் கலவாவின் ஏட்டில் உள்ள ஊர் மெய். புதுச்சேரி என்று எழுதியிருக்கிறது. புதுச்சேரிக் கடலில் இன்றும் தேடிப் போகலாம்.

கையெழுத்துப் பிரதியின் கதையும் ஒருவாறு நல்லபடியாகவே முடிந்தது. மொரீஷியஸ் நாட்டு வரலாற்று ஆசிரியை மதலேன் லி-தியோ-ஃபான், புதுச்சேரியில் வாழ்ந்த வரலாற்று அறிஞர் ழான் தெலோஷ் ஆகிய இருவரும் அதைப் பதிப்பித்தார்கள். 2010-ல் அது புத்தகமாக வெளிவந்தது. வெளியிட்டவை புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனமும் தூரக்கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளியும். சொன்னரா கைதியாகக் கிடந்த ஊரே, இருநூறு ஆண்டு கழித்து அவருடைய கடைசி நூலை உலகத்துக்குக் கொடுத்தது.